தேவசகாயம்: ஒரு பெயரின் அன்றும் இன்றும்

கேரளத்தின் தென்னெல்லையில் பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கத்து ஊர்களில் எழுபது வயதைத் தாண்டிய கிறிஸ்தவர்களிடம் பெயர் கேட்டால் தேவசகாயம், லாசர், ஞானதாசன், சத்தியநேசன், கிருபாமணி, யேசுவடியாள் என்று வரும். அவர்களுடைய பிள்ளைகள் ஷிபு, பிஜு, ஷைஜு, ஷீபா. பேரப்பிள்ளைகள் அஜின், ஜிபின், அபின். இப்போது அங்கன்வாடிக்குப் போகும் கொள்ளுப்பேரர்கள் ஏதன், ஜோஹன், ஏபல், ஹன்னா. ஒரே வீட்டு ரேஷன் கார்டுகளை வரிசையாக எடுத்து வைத்தால் இந்த மாற்றம் முழுவதையும் படித்துவிடலாம்.

பட்டியலில் முதலில் நிற்கும் தேவசகாயம் என்ற பெயரைக் கேட்டதும் சம்ஸ்கிருதம் கலந்த தமிழ்ப் பெயர் என்றே தோன்றும். ஆனால் அதன் பொருளின் வேர் எபிரேய மொழியில் இருக்கிறது. அங்கே ‘எல்’ என்றால் கடவுள், ‘அசர்’ என்றால் உதவி செய்தார். இரண்டும் சேர்ந்தது எலெயாசார். பழைய ஏற்பாட்டில் ஆரோனின் மகனுக்கு, அவருக்குப்பின் தலைமைக் குருவானவருக்கு, அந்தப் பெயர். இயேசு காலத்துப் பாலஸ்தீனத்தில் அது பேச்சில் சுருங்கி, கிரேக்கத்தில் லாசரோஸ் ஆனது. பெத்தானியாவில் மார்த்தா, மரியாவின் சகோதரர் இலாசர் அப்படி வந்தவர்தான். எஸ்றா, அசரியா, எபினேசர் ஆகிய பெயர்களும் உதவி என்ற அதே வேரில் முளைத்தவை. தென்திருவிதாங்கூர்த் திருச்சபைகளில் எபினேசர்களுக்கு இன்றும் குறைவில்லை.

கடலோரத்துக்குப் போர்த்துக்கீசியரோடு இந்தப் பெயர் லாசர் என்ற ஒலியில் வந்தது. உள்நாட்டில் வேலை செய்த இயேசு சபைக் குருக்கள் எபிரேயப் பெயர்களின் பொருளைத் தமிழாக்கிக் கொடுத்தார்கள். யோவானுக்கு எபிரேயத்தில் கடவுளின் அருள் என்பது பொருள். தமிழ்க் கத்தோலிக்கருக்கு அவர் அருளப்பர் ஆனார். யோசேப்பின் பெயரில் பெருகுதல் என்ற பொருள் இருக்கிறது. வீரமாமுனிவர் தேம்பாவணியில் அவரை வளன் என்று அழைத்தார். அந்த வழியில் இலாசர் தேவசகாயம் ஆனார். வயலில் நிற்பவர் வாயில் புரளாத பெயரை அவர் தன் மொழியிலேயே பொருள் தெரிந்து சொல்லும்படி ஆக்கியதை, மொழிக்கும் மக்களுக்கும் செய்த பெரிய மரியாதையாகவே நான் மதிக்கிறேன்.

பெயருக்கு இந்த மண்ணில் உயிர் கொடுத்தவர் நட்டாலம் நீலகண்ட பிள்ளை. பாறசாலையிலிருந்து களியக்காவிளை தாண்டி, குழித்துறை வழியாக மார்த்தாண்டம் போனால் அதற்கு அருகில்தான் நட்டாலம். 1712இல் பிறந்தவர்; மார்த்தாண்ட வர்மாவின் அரசில் பத்மநாபபுரத்தில் அலுவலராக இருந்தார். 1741இல் குளச்சல் போரில் பிடிபட்டு, பிறகு திருவிதாங்கூர்ப் படைக்கே தளபதியான டச்சுப் படையில் வந்த டிலனாய் அவருக்கு நண்பரானார். வீட்டில் அடுத்தடுத்து இழப்புகள் வந்து மனம் உடைந்திருந்தவரிடம் டிலனாய் யோபுவின் கதையைச் சொன்னார் என்பது மரபு. 1745 மே 14 அன்று வடக்கன்குளத்தில் நீலகண்டன் திருமுழுக்குப் பெற்று, இலாசர் என்ற பெயரைத் தேவசகாயம் என்ற தமிழ் வடிவத்தில் ஏற்றார். மனைவி பார்கவி தெரேசா ஆனார். அவரை ஞானப்பூ என்று தமிழில் அழைத்தார்கள்.

1749இல் கைது. கைகளைக் கட்டி, எருமையின் மேல் பின்னோக்கி உட்காரவைத்து, எருக்கம்பூ மாலை போட்டு ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். சாதி பார்க்காமல் எல்லோரோடும் பழகினார், உண்டார் என்பதும் அவர்மேல் இருந்த கோபத்தில் பெரும்பங்கு. பெருவிளையில் வேப்பமரத்தில் கட்டிவைக்கப்பட்டார். புலியூர்க்குறிச்சியில் தாகத்தால் தவித்தவர் முழங்கையால் பாறையை இடிக்கத் தண்ணீர் வந்தது என்று சொல்லி, முட்டிடிச்சான் பாறைக்கு மக்கள் இன்றும் போகிறார்கள். 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். கோட்டாறு சவேரியார் கோயிலில் அடக்கம். நெய்யாற்றின்கரை கிருஷ்ணசுவாமி கோயில் வளாகத்தில் மார்த்தாண்ட வர்மா எதிரிகளுக்குத் தப்பி ஒளிந்திருந்ததாகச் சொல்லப்படும் அம்மச்சிப் பிலாவு இருக்கிறது. அதே வட்டாரத்து வீடுகளில், அவருடைய ஆட்சியில் உயிரிழந்தவரின் பெயர் இரண்டரை நூற்றாண்டாகப் பிள்ளைகளுக்கு வைக்கப்பட்டு வந்தது.

லண்டன் மிஷன் காலத்தில் எபிரேயப் பெயர்கள் வேறு வாசலால் வந்தன. அதன் மிஷனரி ரிங்கல்தௌபே 1806இல் தென்திருவிதாங்கூருக்கு வந்தார். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் ஜான் ஆப்ஸ் போன்ற மிஷனரிகள் பாறசாலையில் தங்கி வேலை செய்தார்கள். தமிழ் வேதாகமத்தில் அச்சான சாமுவேல், தானியேல், யாக்கோபு, ஈசாக்கு, தாவீது, ராகேல், எஸ்தர் அப்படியே ஞானஸ்நானப் பெயர்களாயின. இங்கிலாந்திலிருந்து பணம் அனுப்பிய சபைகளும் தனியாரும் விரும்பிய பெயர், அந்தப் பணத்தில் படித்த பிள்ளைக்கும் ஊழியம் செய்த உபதேசியாருக்கும் வைக்கப்பட்டதுண்டு. மார்பை மறைக்கும் உரிமைக்கே நாடார் பெண்கள் 1859 வரை போராட வேண்டியிருந்த நாடு இது. அப்படிப்பட்ட இடத்தில், சபைப் பதிவேட்டில் சாமுவேல் என்றோ ராகேல் என்றோ மரியாதையாக எழுதப்படுவது என்ன மாற்றம் என்பதை இன்று உட்கார்ந்து யோசித்தாலும் நெஞ்சு நிறைகிறது.

உள்ளூர்க்காரர்கள் எபிரேயத்தோடு தங்கள் சொல்லையும் கோத்துக்கொண்டார்கள். நெய்யாற்றின்கரை அருகே திருப்புறத்தில் பிறந்து, கர்நாடக இசை மெட்டுகளில் மலையாளக் கிறிஸ்தவப் பாடல்கள் இயற்றிய மோசவத்சலம் சாஸ்திரியார் (1847–1916) அதற்கு நல்ல சாட்சி. மோசேயும் வாத்சல்யமும் ஒரே பெயரில் சேர்ந்திருக்கின்றன.

1956 நவம்பர் 1 அன்று, மாநிலங்கள் மொழிவாரியாகப் பிரிந்தபோது, விளவங்கோடு வட்டம் இன்றைய தமிழ்நாட்டுக்குப் போனது. தமிழ்ப் பகுதிகளை அதோடு சேர்க்க நேசமணி தலைமையில் போராடியவர்கள் கேட்ட நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. அண்ணன் இஞ்சிவிளையிலும் தம்பி களியக்காவிளையிலும் வீடு வைத்திருந்தால், ஒரே அப்பன் பெயரின் முதலெழுத்து தம்பி பிள்ளைக்கு முன்னால் வரும், அண்ணன் பிள்ளைக்குப் பின்னால் வரும். தமிழில் தேவசகாயம், மலையாளத்தில் தேவஸஹாயம். யோவான் ஒரு பக்கம், யோஹன்னான் மறு பக்கம். வடக்கே சிரியன் கிறிஸ்தவர்கள் யாக்கோபைச் சாக்கோ என்றும் யோசேப்பை ஔசேப்பு என்றும் சிரியாக் வழியில் மாற்றிக்கொண்டவர்கள். தெற்கே அந்தப் பெயர்கள் வேரூன்றவில்லை. 1908இல் உருவாகி, 1947இல் சி.எஸ்.ஐ.யில் கலந்துவிட்ட தென்னிந்திய ஐக்கிய சபையின் பெயரோ, எஸ்.ஐ.யு.சி. நாடார் என்று கேரளச் சாதிச் சான்றிதழ்களில் இன்னும் நிற்கிறது.

பள்ளிகளில் மலையாளம் படித்து வளர்ந்த தலைமுறை ஷிபு, பிஜு, ஷைஜுவுக்கு வந்தது. இதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தேவசகாயம் என்றதும் மதம், பெரும்பாலும் சாதி, ஊர் எல்லாம் கேட்பவருக்குத் தெரிந்துவிடும். வேலை தேடித் திருவனந்தபுரத்துக்கும் வளைகுடாவுக்கும் போன பையனுக்கு, இந்துவும் கிறிஸ்தவரும் ஒன்றாக வைத்துக்கொண்ட இரண்டெழுத்துப் பெயர் ஒரு விடுதலை. ஆனால் அஜினுக்கும் ஜிபினுக்கும் என்ன பொருள் என்று கேட்டால் பெற்றோரால் சொல்ல முடிவதில்லை. அப்பா பெயரில் ஓர் எழுத்து, அம்மா பெயரில் ஓர் எழுத்து, கடைசியில் ஒரு ‘ன்’. காதுக்கு இனிமை, அத்தோடு சரி.

அதற்கும் பிறகு வந்த ஏதனும் ஜோஹனும் எபிரேயம்தான். ஜோஹன் என்பது யோவானின் ஐரோப்பிய வடிவம், அதாவது அருளப்பன். ஏதன் பழைய ஏற்பாட்டில் வரும் பெயர். உறுதி என்பது பொருள். இந்தத் தடவை அவை இணையத்துப் பெயர்ப் பட்டியல்களிலிருந்து ஆங்கில உச்சரிப்போடு வந்திருக்கின்றன. கொள்ளுத்தாத்தா அருளப்பனும் கொள்ளுப்பேரன் ஜோஹனும் ஒரே பெயர்க்காரர்கள் என்று அந்த வீட்டில் யாருக்கும் தெரியாமல் போவதுதான் எனக்கு வருத்தம்.

இந்த நேரத்தில்தான் தேவசகாயம் பீடமேறினார். 2012 டிசம்பர் 2 அன்று நாகர்கோவிலில் முத்திப்பேறு பெற்றவராகவும், 2022 மே 15 அன்று வத்திக்கானில் திருத்தந்தை பிரான்சிஸால் புனிதராகவும் அறிவிக்கப்பட்டார். புனிதர் பட்டம் பெற்ற முதல் இந்தியப் பொதுநிலையினர் அவரே. சாதியை மறுத்தவரின் பெயரோடு பிள்ளை என்ற சாதிப் பட்டம் எதற்கு என்று ஓய்வுபெற்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி எம்.ஜி. தேவசகாயம் உள்ளிட்டோர் கேட்டார்கள். வத்திக்கான் அதை நீக்கியது. அந்தப் பெயரைத் தானே சுமப்பவர் அந்தப் பெயருக்காக வாதாடியது பொருத்தம். 1996இல் உருவான நெய்யாற்றின்கரை மறைமாவட்டத்தில், பாறசாலைப் பக்கம் சாவல்லூர்பொற்றையில் அவர் பெயரில் கோயில் இருக்கிறது.

கோயிலுக்கு இருக்கும் பெயர் தொட்டிலுக்கு வருவதில்லை. சகாய மாதா பக்தியால் சகாயமேரி, சகாயராஜ் என்ற பெயர்கள் குமரி மாவட்டக் கடற்கரை ஊர்களில் இன்னும் காதில் விழுகின்றன. ஆனால் முழுப்பெயராகத் தேவசகாயம் என்று புதுக் குழந்தையைக் கூப்பிடும் வீடு எல்லையின் இரு பக்கமும் அரிது. நீளமான பெயர், பழைய பெயர், பள்ளியில் கேலி செய்வார்கள் என்று காரணம் சொல்கிறார்கள். எனக்கு இந்தக் காரணங்கள் போதவில்லை. ஆறெழுத்துப் பெயரை ஊரே ‘சகாயம்’ என்று சுருக்கி அன்போடு கூப்பிட்டது. ‘சகாயம் அண்ணன்’ என்ற விளி இன்றும் யாருக்கும் புதிதில்லை. நேர்மைக்குப் பெயர்பெற்ற முன்னாள் ஐ.ஏ.எஸ். அதிகாரி உ. சகாயத்தைத் தமிழ்நாடு முழுக்க அறியும்.

பாறசாலையிலோ நெய்யாற்றின்கரையிலோ குழந்தைக்குப் பெயர் தேடுகிறவர்கள் செல்பேசியைத் திறப்பதற்கு முன் ஒருமுறை பங்கு அலுவலகத்துக்கோ சி.எஸ்.ஐ. சபைக்கோ போய், தங்கள் குடும்பத்துப் பக்கம் உள்ள பழைய ஞானஸ்நானப் பதிவேட்டைக் கேட்டுப் பாருங்கள். ஏதன் என்றே வைப்பதானாலும் வையுங்கள். கூடவே ஒரு மூத்தவர் பெயரையும் சேர்த்து எழுதிக் கொடுங்கள். தேவசகாயம் அங்கே இருந்தால், அதையே முதலில் எழுதுங்கள்.