எந்தச் சிலிண்டர் எரியவில்லை?

இத்தாலியின் பலெர்மோவில் சீசா மாளிகையைச் சுற்றியுள்ள தெருக்களில் பழைய ஃபியட் புன்ட்டோ கார்கள் இன்றும் ஓடுகின்றன. அவற்றில் சில, நகரத்துக்குக் கிழக்கே தெர்மினி இமெரேசேயில் 2011 வரை இயங்கிய ஃபியட் ஆலையில் பிறந்தவை. இப்படியொரு காரில் மஞ்சள் என்ஜின் விளக்கு எரிந்தால் பலருக்கும் முதலில் செலவுதான் நினைவுக்கு வரும். ஆனால் அந்த விளக்குக்குப் பின்னால் நடக்கும் வேலை அபாரமானது.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2001 முதல் விற்பனைக்கு வந்த புதிய பெட்ரோல் கார்கள், புகையை மோசமாக்கும் கோளாறுகளைத் தாமே கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். ஸ்டீயரிங்குக்கு அருகிலுள்ள 16 முள் இணைப்பில் ஸ்கேனரைச் செருகினால் ஒரு குறியீடு வரும். பி0303 என்று வந்தால், மூன்றாவது சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியவில்லை என்று பொருள்.

சிலிண்டருக்குள் எட்டிப் பார்க்க அங்கே எதுவும் இல்லை. பிறகு எப்படித் தெரிந்தது?

என்ஜினின் சுழல்தண்டோடு ஒரு பல்சக்கரம் சுற்றுகிறது. அதில் 60 பற்களுக்கு இடமுண்டு, இருப்பவை 58. இல்லாத அந்த இரண்டின் இடைவெளிதான், சுற்று எங்கே தொடங்குகிறது என்பதற்கு அடையாளம். நிமிடத்துக்கு 3,000 சுற்று என்றால், பக்கத்திலுள்ள காந்த உணரியை நொடிக்கு 2,900 பற்கள் கடக்கின்றன. அதே ஒரு நொடியில் நான்கு சிலிண்டர்களிலும் சேர்த்து 100 முறை பெட்ரோல் எரிகிறது. ஒவ்வொரு எரிப்பும் தண்டை ஓர் உந்து உந்தும். ஓர் எரிப்பு தவறினால் அந்த நேரத்துப் பற்கள் இம்மியளவு தாமதமாக வரும். கச்சேரியில் மிருதங்கத்தின் ஓர் அடி பிசகியதைத் தாளம் போடுபவர் பிடித்துவிடுவதுபோல், காரின் கணினி அந்தத் தாமதத்தைப் பிடித்துவிடுகிறது.

கல் பாவிய தெருவில் சக்கரங்கள் குலுங்கினாலும் தண்டின் வேகம் தடுமாறும். அதனால் சில கார்களில் பிரேக்குக்கான சக்கர உணரிகளையும் கணினி கேட்டுக்கொள்கிறது: தடுமாற்றம் என்ஜினிலா, சாலையிலா?

விளக்கு நிலையாக எரியாமல் விட்டு விட்டு மின்னினால் காரை ஓரங்கட்டுவதே நல்லது. எரியாத பெட்ரோல் புகைக்குழாய்க்குள் போய், புகையைச் சுத்தம் செய்யும் வினையூக்கிப் பெட்டியில் பற்றிக்கொள்ளும். உள்ளிருக்கும் தேன்கூடு போன்ற பீங்கான் உருகிவிடலாம்.

இவ்வளவு நுட்பமிருந்தும், எதை மாற்ற வேண்டும் என்று குறியீடு சொல்வதில்லை. அதைக் கண்டுபிடிக்க ஓர் எளிய வழி உண்டு. மூன்றாவது சிலிண்டரின் ஸ்பார்க் பிளக்கை முதல் சிலிண்டருக்கும், அங்கிருப்பதை இங்கும் மாற்றிப் பொருத்தி, குறியீட்டை அழித்துவிட்டு ஓட்டிப் பார்க்க வேண்டும். இப்போது பி0301 வந்தால் குற்றவாளி பிளக். பழுது பிளக்கோடு நகராமல் மூன்றிலேயே நின்றால் அடுத்து பிளக்குக்குப் போகும் வயரைப் பார்க்கலாம். புன்ட்டோவின் 1.2 லிட்டர் எட்டு வால்வு என்ஜினில் 2, 3 இரண்டுக்கும் தீப்பொறி தருவது ஒரே காயில் என்பதால், இரண்டும் சேர்ந்து தவறினால் சந்தேகம் காயில்மேல் விழும். இவை எல்லாம் சரியாக இருந்தால், அந்தச் சிலிண்டரில் காற்றழுத்தம் குறைகிறதா என்று அளவுமானியைப் பொருத்திப் பார்ப்பார் மெக்கானிக். குறைந்தால் வால்வோ பிஸ்டன் வளையமோ தேய்ந்திருக்கலாம். அதற்கு என்ஜினைத் திறந்துதான் ஆக வேண்டும்.