கொள்ளுத்தாத்தாவைத் தேடும் வழி

டீ வரட்டும், நிதானமாகவே பேசுவோம். தாத்தாவின் அப்பா பெயரைக் கேட்டால் பலரும் சொல்லிவிடுவார்கள். அவருடைய அப்பா பெயரைக் கேட்டால்தான் வீட்டில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். 'அந்தக் காலத்தில் யார் எழுதி வைத்தார்கள்?' என்று பேச்சு முடிந்துவிடும். எழுதித்தான் வைத்திருக்கிறார்கள். நிலவரி வாங்கிய கணக்குப்பிள்ளை எழுதினார். ஞானஸ்நானம் கொடுத்த பாதிரியார் எழுதினார். கடல் தாண்டிக் கூலிக்கு ஆள் ஏற்றியவர்களும் எழுதினார்கள். எல்லாம் அவரவர் காரியத்துக்காக எழுதியது. ஆகவே ஒரு முன்னோரைத் தேடுகிறவர் முதலில் யோசிக்க வேண்டிய விஷயம் ஒன்றுதான்: இந்த மனிதரின் பெயரை எழுத யாருக்கு அவசியம் இருந்தது?

ஆபீஸ் படி ஏறும் முன் வீட்டுப் பெரியவர்களிடம் இரண்டு விஷயம் கேட்டுக்கொள்ளுங்கள். ஒன்று திதி. இறந்த வருஷம் மறந்துபோயிருக்கும். ஆனால் தெவசம் கொடுக்கிற வீட்டில் மாசமும் பிறையும் திதியும் மறக்காது. தோராயமான காலம் தெரிந்தால் பழைய பஞ்சாங்கத்தை வைத்துத் தேதியை நெருங்கிவிடலாம். இன்னொன்று குலதெய்வம். மூன்று தலைமுறையாகச் சென்னையில் இருக்கிற குடும்பமும் பிள்ளைக்கு முதல் முடி இறக்க ஏதோ ஒரு கிராமத்துக்குப் போகும். எரித்துச் சாம்பலைக் கரைக்கிற குடும்பங்களுக்குக் கல்லறை கிடையாது. அந்தக் கோயில்தான் முகவரி. அங்கே திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி வாங்கிய பழைய நோட்டு யாரிடமாவது இருந்தால் விடாதீர்கள். பங்காளி வீடுகள் வரிசையாக அதில் இருக்கும்.

புதைக்கிற வழக்கமுள்ள குடும்பங்களுக்குக் கல் பேசும். ஆனால் அதைப் படிக்கப் பழக வேண்டும். கோலமாவு, சாக்பீஸ் எதையும் தேய்க்காதீர்கள். கம்பி பிரஷ், ஆசிட் பக்கமே போகாதீர்கள். தேய்ந்த கல்லை அவை இன்னும் தேய்த்துவிடும். நல்ல தண்ணீர், மெத்தென்ற பிரஷ், கையில் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி போதும். காலையிலோ சாயங்காலமோ போய், கண்ணாடியால் வெயிலைக் கல்லின் மேல் பக்கவாட்டில் சாய்த்து அடியுங்கள். உச்சி வெயிலில் மொட்டையாகத் தெரிந்த கல்லில் வெட்டின பள்ளமெல்லாம் நிழலோடு எழும்பி வரும். உடனே போட்டோ எடுத்துவிடுங்கள்.

அடுத்து வருஷம். பழைய தமிழ்க் கல்லறையில் 'கஅஎஉ' என்று ஏதோ அர்த்தமில்லாத எழுத்துபோல ஒரு வரி இருக்கும். அது எழுத்தல்ல, தமிழ் எண்: ௧௮௭௨. இன்னும் பழைய முறையில் வெட்டியிருந்தால் ஆயிரம், நூறு, பத்து மூன்றுக்கும் தனிக் குறி வைத்து ௲௮௱௭௰௨ என்று நீளும். இரண்டும் 1872-தான். பக்கத்தில் ௵ என்று இருந்தால் வருஷம், ௴ மாசம், ௳ தேதி.

எண்ணே இல்லாமல் 'ஆங்கிரச வருஷம் மாசி மாசம்' என்று மட்டும் இருந்தால் அவசரப்படாதீர்கள். ஆங்கிரச அறுபது வருஷத்துக்கு ஒருமுறை திரும்பி வரும்: 1812, 1872, 1932. மகன், பேரன் வயதை வைத்துத்தான் எது என்று தீர்க்க வேண்டும். அது 1872-இல் பிறந்த ஆங்கிரச என்று தெரிந்தாலும் அதன் மாசி 1873-இல் வரும். சித்திரையில் தொடங்கும் வருஷம் பங்குனியில்தானே முடிகிறது. நாஞ்சில் நாட்டுப் பக்கம் கொல்லம் ஆண்டு இருக்கும். அதனுடன் 825 கூட்டுங்கள். ஆவணியிலிருந்து டிசம்பர் கடைசி வரைக்கும் என்றால் 824.

முஸ்லிம் அடக்கத்தலங்களில் மீசான் கல்லில் ஹிஜ்ரி ஆண்டு வரும். இங்கேதான் பெரிய பிசகு நேர்கிறது. ஹிஜ்ரி 1300-உடன் 622-ஐக் கூட்டி 1922 என்று எழுதிவிடுகிறார்கள். ஹிஜ்ரி வருஷத்துக்கு 354 அல்லது 355 நாள்தான். அந்த 1300 தொடங்கியது 1882 நவம்பரில். நாற்பது வருஷம் தவறினால் தாத்தாவின் கல்லைப் பேரனுடையது என்று நினைத்துக்கொள்வோம்.

பேரனுக்குத் தாத்தா பெயர் வைக்கிற நம் வழக்கத்தால் இந்தக் குழப்பம் இரட்டிப்பாகும். முத்துசாமி மகன் ராமசாமி, ராமசாமி மகன் முத்துசாமி, மறுபடியும் முத்துசாமி மகன் ராமசாமி. பெயர் பொருந்துகிறது என்ற ஒரே காரணத்துக்காக யாரையும் உங்கள் கொடியில் ஏற்றிவிடாதீர்கள். ஊர், மனைவி பெயர், சகோதரர் பெயர், ஏதாவது இன்னொன்றும் பொருந்த வேண்டும்.

கல் நடுவதற்குக் காசு வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது. 1905-இல் ஜூலியன் ஜேம்ஸ் காட்டன் சென்னை மாகாணத்துக் கல்லறை வாசகங்களைத் திரட்டிப் பெரிய புத்தகமாகவே போட்டார். அருமையான வேலை. ஆனால் புரட்டினால் வருவது பெரும்பாலும் ஐரோப்பியர் பெயர்கள். மரச்சிலுவையோடு போன நம் ஏழை ஜனங்களுக்குச் சபையின் அடக்கப் பதிவேடுதான் கல்லறை. அதைவிட ஞானஸ்நானப் பதிவேடு இன்னும் தாராளமானது: தாய், தகப்பன், ஊர், ஞானப்பெற்றோர் எல்லாம் ஒரே வரியில் கிடைக்கும். ஞானப்பெற்றோர் பெரும்பாலும் நெருங்கிய சொந்தமாக இருப்பார்கள். கத்தோலிக்கப் பங்குகளில் பழைய ஏடு லத்தீனில் இருக்கலாம். திரும்பத் திரும்ப வருவது கொஞ்சம் சொற்கள்தான், பழகிவிடும். கோயில்பிள்ளையிடம் மரியாதையாகக் கேளுங்கள். பொடியும் ஏட்டை நீங்களாகப் புரட்டாதீர்கள்.

எந்த மதமானாலும், காணி நிலம் இருந்த குடும்பத்துக்கு நான் முதலில் சொல்வது சார்பதிவாளர் ஆபீஸ். வீட்டு டிரங்குப் பெட்டியில் இருக்கும் மிகப் பழைய பத்திரத்தை எடுத்து, சர்வே எண்ணை விட்டுவிட்டு, மனிதர்களைப் படியுங்கள். எழுதிக் கொடுத்தவர், அவர் தகப்பனார், ஊர், தொழில் எல்லாம் இருக்கும். 'எனக்குப் பிதுரார்ஜிதமாய்ப் பாத்தியப்பட்டு' என்று வந்தால், சொத்து தகப்பன் வழியில் வந்தது; இன்னும் பழைய பத்திரம் ஒன்று இருக்கலாம். நான்கெல்லையில் 'இன்னார் புஞ்சைக்குத் தெற்கு' என்று வருகிற இன்னார், பல நேரம் நிலத்தைப் பங்கு பிரித்துக்கொண்ட அண்ணனோ தம்பியோ. பாகப்பிரிவினைப் பத்திரம் கிடைத்தால் ஒரு முழுத் தலைமுறையே கையில் வந்த மாதிரி. நகல் கேட்டு மனுப் போடும்போது சொத்துவாரி அட்டவணையோடு பெயர்வாரி அட்டவணையையும் பார்க்கச் சொல்லுங்கள். கிராமத்துப் பிறப்பு இறப்புக் கணக்கு அவ்வளவு சுலபமில்லை. பரம்பரைக் கணக்குப்பிள்ளை, மணியக்காரர் பதவிகள் 1980-இல் ஒழிந்தபோது ஏடுகள் கை மாறின. தாலுகா ஆபீசிலும் சார்பதிவாளர் ஆபீசிலும் இரண்டு இடத்திலும் விசாரிக்க வேண்டும்.

இந்தத் தாள்களில் பெண்கள் குறைவு. 'இன்னார் பெண்சாதி' என்று எழுதி அதோடு நிறுத்திவிட்ட வரிகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வலிக்கும். ஆனால் ஊரை விட்டுக் கப்பலேறியவர்களின் ஏடு வேறு மாதிரி. 1860 நவம்பர் 16 அன்று 'ட்ரூரோ' என்ற கப்பல் சென்னையிலிருந்து தென்னாப்பிரிக்காவின் டர்பன் சேர்ந்தது. அது முதல் 1911 வரை, டர்பன் இருக்கும் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்கள் 1,52,184 பேர். பெரும்பாலோர் சென்னைத் துறைமுகத்திலிருந்தே போனார்கள். கணக்கு வைத்தவர்களுக்கு ஆள் முக்கியம். ஆகவே ஆண், பெண், கைக்குழந்தை ஒவ்வொருவருக்கும் தனி எண். எண்ணுக்கு எதிரே பெயர், வயது, ஜாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், அங்க அடையாளம்.

தென்னாப்பிரிக்காவிலிருந்து இன்று ஊர் தேடி வருகிற உறவுகள் அந்தப் பட்டியலோடுதான் வருகிறார்கள். உதவப் போகிறவர்கள் ஒன்றை நினைவில் வையுங்கள். பட்டியலில் 'வட ஆற்காடு' என்று இருந்தால் வேலூரைச் சுற்றி மட்டும் தேடக் கூடாது. சித்தூர் 1911 வரை அந்த ஜில்லாவுக்குள்தான் இருந்தது. தேடும் கிராமம் இன்று ஆந்திராவில் இருக்கலாம். குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதிய ஊர்ப் பெயரை வாய்விட்டுப் பல விதமாகச் சொல்லிப் பாருங்கள். பழைய தாலுகா வரைபடத்தில் ஏதாவது ஒன்று ஒட்டும். பாட்டியின் எண் கிடைத்திருந்தால் அதை முதலில் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். டர்பன் ஆவணக் காப்பகத்தில் அவள் எந்தத் தோட்டத்துக்குப் போனாள், ஒப்பந்தம் முடிந்து என்ன ஆனாள் என்று தேட, பல எழுத்துகளில் சிதைந்த பெயரைவிட அந்த எண் உதவும்.