எதனால் செத்தார், எப்படிச் செத்தார்

டீயைக் குடித்துக்கொண்டே கேளுங்கள். பேச்சு கொஞ்சம் பிணவறைப் பக்கம் போகும், பரவாயில்லையா?

நியூயார்க்கில் ஒருவர் நோய் முற்றி, டாக்டர் பார்வையிலேயே இறந்தால் அந்த டாக்டரே சான்றிதழ் எழுதிவிடுவார். விபத்து, தற்கொலை, கொலைச் சந்தேகம், நன்றாக இருந்தவரின் திடீர்ச் சாவு, சிறைக்குள் சாவு என்றால் தலைமை மருத்துவ ஆய்வாளர் அலுவலகத்துக்குத் தகவல் போகவேண்டும். இது நகர நிர்வாகத்தின் அலுவலகம், போலீசுக்குக் கீழ்ப்பட்டதல்ல. இதன் பலமே அதுதான்.

அங்கே விடை தேடுவது இரண்டு கேள்விகளுக்கு. மாடியிலிருந்து ஒருவர் விழுந்து கிடக்கிறார். எதனால் செத்தார்? மண்டை உடைந்து. அதைப் பிரேதப் பரிசோதனை சொல்லிவிடும். எப்படி விழுந்தார்? தவறியா, குதித்தா, யாராவது தள்ளியா? மூன்றிலும் மண்டை ஒரே மாதிரிதான் உடையும். அதனால் அலுவலகத்தின் புலனாய்வாளர் சம்பவ இடத்துக்கே போகிறார். ஜன்னல் விளிம்பு இடுப்பளவா, முழங்காலளவா? மாத்திரை பாட்டிலில் போட்டிருக்கும் தேதிக்கு மிச்சம் எத்தனை இருக்கவேண்டும், எத்தனை இருக்கிறது? இப்படிப் பார்த்துப் பார்த்துத்தான் இயற்கை, விபத்து, தற்கொலை, பிறர் செயல், தீர்மானிக்க முடியவில்லை என்பது போன்றவற்றில் ஒன்றை எழுதுகிறார்கள். கடைசியாகச் சொன்னதை எழுதத்தான் நேர்மை அதிகம் வேண்டும் என்பேன். ‘பிறர் செயல்’ என்று எழுதிவிட்டால் அது குற்றத் தீர்ப்பும் ஆகாது. தற்காப்புக்குச் சுட்டாலும் அதே கட்டத்தில்தான் வரும். மற்றதைக் கோர்ட் பார்த்துக்கொள்ளும்.

1918க்கு முன்னால் அங்கே இந்த வேலையைக் கொரோனர்கள் என்ற அதிகாரிகள் பார்த்தார்கள். ஓட்டு வாங்கி வருகிறவர்கள். மருத்துவம் தெரிந்திருக்க வேண்டிய கட்டாயமில்லை. பிளம்பரும் மதுக்கடைக்காரரும்கூட அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள். லஞ்சத்தைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். 1918இல் டாக்டர் சார்லஸ் நோரிஸ் முதல் தலைமை ஆய்வாளராக வந்தார். நச்சு ஆய்வுக்கு அலெக்ஸாண்டர் கெட்லர் என்ற வேதியியலாளரைச் சேர்த்துக்கொண்டார்.

வித்தியாசம் என்ன என்பதற்கு 1926இல் புரூக்ளினில் நடந்த ஒரு வழக்கு போதும். ஒரு துறைமுகத் தொழிலாளி பெண் உடலின் துண்டுகளை மூட்டை கட்டிக்கொண்டு போனபோது பிடிபட்டான். போலீசுக்குச் சந்தேகமே இல்லை, கொலைதான். ஆனால் அந்த உடல் அளவுக்கு மீறிச் சிவந்திருந்ததை நோரிஸ் கவனித்தார். கெட்லர் ரத்தத்தைச் சோதித்தார்: கார்பன் மோனாக்சைடு. செத்தவர் மூச்சு இழுப்பதில்லை. வெட்டிய பிறகு அந்த வாயு ரத்தத்தில் ஏறியிருக்க வழியே கிடையாது. அடுப்பில் வைத்த காபி பொங்கி நெருப்பை அணைத்திருக்கிறது, அந்த வாயு கலந்த கேஸ் மட்டும் கசிந்துகொண்டே இருந்திருக்கிறது. அவனும் அந்தப் பெண்ணும் குடித்திருந்தார்கள். அவன் விழித்துப் பார்த்தபோது அவள் பிணம். தன்மேல் பழி விழும் என்று மிரண்டுபோய் வெட்டியிருக்கிறான். உடலைச் சிதைத்த குற்றத்துக்குத் தண்டனை கிடைத்தது. கொலைக் குற்றச்சாட்டிலிருந்து தப்பினான்.

இந்த அலுவலகத்தில் கோப்புகள் எளிதில் மூடப்படுவதில்லை. 2001 செப்டம்பர் 11 அன்று நடந்த உலக வர்த்தக மையத் தாக்குதலில் இறந்தவர்கள் 2,753 பேர். கிடைத்தவை பெரும்பாலும் எலும்புத் துணுக்குகள். தீயிலும் நீரிலும் கெட்டுப்போனவை. டிஎன்ஏ எடுக்கும் முறை மேம்படும்போதெல்லாம் அதே துணுக்குகளை மறுபடி சோதிக்கிறார்கள். இருபது ஆண்டுகள் கழித்தும் புதிதாகப் பெயர்கள் தெரியவந்தன. இன்னும் அடையாளம் காணப்படாதவர்கள் சுமார் 1,100 பேர்.