கண்ணுக்குத் தெரியாத பயணிகள் – 6: குழாய்க்குள் ஒரு கம்பி

நிவித்திகல வயலோரங்களில் மாணிக்கக் குழி தோண்டுகிறவர்கள், மேலே ஏற்றிய மண்ணைக் கூடையில் இட்டு அலசும்போது நீலக்கல்லையும் புஷ்பராகத்தையும்தான் தேடுவார்கள். கூடையின் அடியில் பாரமாகத் தங்கும் கறுப்பு மணலுக்கு மதிப்பில்லை. ஆனால் இயற்பியல் வரலாற்றில் அந்தக் கறுப்பு மணலுக்கும் ஓர் இடம் உண்டு.

பலாங்கொடைப் பக்கத்து மாணிக்க மண்ணில், சின்னஞ்சிறு கனசதுரங்களாக ஒரு கறுப்புக் கனிமம் அகப்பட்டது. அப்போது இலங்கையின் கனிம அளவைக்குப் பொறுப்பாக இருந்தவர் ஆனந்த குமாரசுவாமி. கலை வரலாற்றுக்காக மட்டும் நாம் நினைவில் வைத்திருக்கிறோமே, அதே குமாரசுவாமிதான். லண்டனில் அதைப் பகுத்துப் பார்த்த டன்ஸ்டன் 1904இல் தோரியனைற்று என்று பெயரிட்டார். அதன் பெரும்பகுதி தோரியம் ஒட்சைட்டு. அடுத்த ஆண்டே ராம்சேயின் ஆய்வுகூடத்தில் ஒட்டோ ஹான் இந்த இலங்கைக் கனிமத்திலிருந்து ரேடியோதோரியம் என்ற கதிரியக்கப் பொருளைக் கண்டுபிடித்தார். பிறகு மொன்றியலுக்குப் போய் ரதபோட்டிடம் சேர்ந்தார்.

அக்காலத்தில் கதிரியக்கக் கல்லிலிருந்து பாயும் அல்பாத் துகள்களை எண்ண, இருட்டறையில் உட்கார்ந்து திரையில் தெறிக்கும் ஒளிப்புள்ளிகளைப் பார்க்க வேண்டும். கண் எரியும், எண்ணிக்கையும் தவறும். 1908இல் மான்செஸ்டரில் ரதபோட்டும் ஹன்ஸ் கைகரும் அந்த வேலையை ஒரு பித்தளைக் குழாயிடம் ஒப்படைத்தார்கள். குழாயின் நடுவே மெல்லிய கம்பி, உள்ளே வாயு, கம்பிக்கும் குழாய்ச் சுவருக்கும் இடையே ஆயிரம் வோல்ட்டுக்கு மேல். அவ்வளவுதான் கருவி.

மின்னேற்றம் கொண்ட துகள் வாயுவுக்குள் பாயும்போது, வழியிலுள்ள அணுக்களிலிருந்து இலத்திரன்களைத் தட்டிவிடுகிறது. வானிலிருந்து வரும் ஒரு மியூவோன் ஆகன் வாயுவில் ஒரு சென்றிமீற்றர் போனால், ஏறத்தாழ நூறு இலத்திரன்கள் விடுபடும். இந்த நூறை எந்தக் கருவியாலும் எளிதில் உணர முடியாது. இங்கேதான் மெல்லிய கம்பியின் வேலை. கம்பியை நெருங்க நெருங்க மின்புலம் கடுமையாக ஏறும். வேகம் பிடித்த இலத்திரன் இன்னொன்றைத் தட்டும், இரண்டும் நாலாகும், நாலு எட்டாகும். லயத்தின் முதல் வீட்டில் காதோடு காதாகச் சொன்ன செய்தி கடைசிக் காம்பராவை அடையும் விதம் நமக்குப் புதிதல்ல. ஓர் இலத்திரன் பல்லாயிரமாகப் பெருகியதும் கம்பியில் அளக்கக்கூடிய மின்துடிப்பு வரும். பெருக்கம் கட்டுமீறாமலிருக்க ஆகனோடு சிறிது மீதேன் கலப்பார்கள். அணுக்கள் விடும் புற ஊதாக் கதிரை மீதேன் விழுங்கிக்கொள்ளும்.

ஆனால் ஒற்றைக் குழாய் "வந்தது" என்று மட்டுமே சொல்லும். எங்கிருந்து வந்து எங்கே போனது என்று சொல்லாது. தடம் வேண்டுமென்றால் குழாய்களை அடுக்க வேண்டும். அதைத் தரைக்கடியில் செய்துகாட்டிய இடம் கோலார் தங்கவயல். அங்கே சுரங்கத்தில் உழைத்தவர்களில் பெரும்பாலானோர் தமிழர். வட ஆர்க்காடு, சேலம் என்று அவர்கள் சொல்லும் ஊர்ப்பெயர்கள் நம் தோட்டத்துப் பாட்டிமாரின் வாயிலும் கேட்டவைதான்.

நிலமட்டத்தில் உள்ளங்கை அகலத்தில் நிமிடத்துக்குப் பல மியூவோன்கள் பாய்ந்துகொண்டே இருக்கும். அந்த இரைச்சலில் அரிய நிகழ்வு எதுவும் பிடிபடாது. கோலாரில் 2.3 கிலோமீற்றர் ஆழத்தில் பாறையே அவற்றைத் தடுத்துவிடும். அங்கே 1980இல், புரோத்தன் சிதைகிறதா என்று பார்க்க, பம்பாய் டாடா ஆய்வுநிலையமும் ஜப்பானின் ஒசாகா குழுவும் 140 தொன் எடையுள்ள அடுக்கை நிறுத்தின. பத்துச் சென்றிமீற்றர் அகலச் சதுர இரும்புக் குழாய்கள், ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு கம்பி, மொத்தம் 34 வரிசைகள். ஒரு வரிசை நெடுக்காகவும் அடுத்தது குறுக்காகவும் இருந்ததால், துடித்த குழாய்களைக் கோர்த்தாலே துகளின் பாதை தெரியும்.

புரோத்தன் சிதைவாக இருக்கலாம் என்று சில தடங்களை அவர்கள் வெளியிட்டார்கள். பிறகு வந்த பெரிய நீர்த்தொட்டிக் கருவிகள் அதை உறுதிசெய்யவில்லை. அதனால் கோலாரைத் தோல்விக் கணக்கில் எழுதுகிறவர்கள் உண்டு, எனக்கு அதில் உடன்பாடில்லை. அத்தனை வெப்பமும் ஈரமும் உள்ள சுரங்கத்தில் வாயுக் குழாய்களை ஆண்டுக்கணக்கில் ஓடவிட்டதே பெரிய காரியம்.

குறை வேறிடத்தில் இருந்தது. குழாயின் அகலம் பத்துச் சென்றிமீற்றர் என்றால், துகள் போன இடத்தையும் அந்த அளவுக்குத்தான் குறித்துச் சொல்லலாம். இடையிலுள்ள சுவர்களையே எடுத்துவிட்டு, சில மில்லிமீற்றருக்கு ஒரு கம்பியாக ஒரே வாயுப் பெட்டிக்குள் கட்டினால்? 1968இல் ஜெனீவாவில் ஜோர்ஜ் ஷார்பக் கட்டிய அந்தப் பெட்டியை அடுத்த வாரம் திறந்து பார்ப்போம்.