கடல் மணலில் கிடக்கும் ஒற்றைச் செல் ஓடுகள்

ராமேஸ்வரம், மண்டபம் பக்கத்துக் கடற்கரை மணலைப் பத்து மடங்கு பெரிதாக்கும் கைக்கண்ணாடியில் பார்த்தால், மணல்மணிகளுக்கு நடுவே வெள்ளை வெள்ளையாகச் சுருள் ஓடுகள் தெரியும். குட்டி நத்தைகள் என்றே நினைக்கத் தோன்றும். அவற்றில் பல, ஒரே ஒரு செல் மட்டுமே உள்ள உயிர்கள் கட்டிய வீடுகள். இந்த உயிர்களுக்கு ஃபோராமினிஃபெரா என்று பெயர். சுருக்கமாக ஃபோராம் என்பார்கள். கடலில் 50 கோடி ஆண்டுகளுக்கு மேலாக இருந்துவருகிறார்கள் இந்தக் குடும்பத்தார்.

ஒரு செல்லால் ஓடு கட்ட முடியுமா? முடியும். உடலிலிருந்து மெல்லிய இழைகளை (பொய்க்கால்கள்) வெளியே நீட்டி இரை பிடிக்கும், நகரும், ஓடும் கட்டும். சில வகைகள் மணல் துகள்களைப் பொறுக்கி ஒட்டவைக்கின்றன. பல வகைகள் கடல்நீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்புச் சத்தைப் பிரித்தெடுத்துச் சுவர் எழுப்புகின்றன. பெரும்பாலானவை வளர வளரப் புதிதாக ஓர் அறையைச் சேர்த்துக்கொள்ளும். பழைய அறைகள் அப்படியே இருக்கும். இறந்தபின் ஓடு சேற்றில் புதைந்து, காலப்போக்கில் பாறையின் பகுதியாகிவிடும்.

இவற்றை எந்த உயிர்க்கூட்டத்தில் சேர்ப்பது? ஆரம்பத்திலேயே குழப்பம்தான். 1826-இல் பிரான்சின் அல்சிட் தோர்பினி அறைகளைப் பார்த்து, கணவாயின் உறவினர்கள் என்று முடிவுசெய்தார். 1835-இல் அதே நாட்டின் ஃபெலிக்ஸ் துஜார்தான் உயிருள்ளவற்றைக் கவனித்து, இவை மிக எளிய உடல் கொண்டவை என்று காட்டினார்.

அடுத்தாற்போல், அறைகள் அடுக்கப்பட்டிருக்கும் முறையை வைத்து வகை பிரித்தார்கள். பார்வைக்கு ஒன்றுபோல் இருப்பவை உறவினர்கள் என்றால் இது போதும். ஆனால் ஃபோராம்களில் அப்படி இல்லை, இதுதான் இந்தத் துறையின் பெரிய பாடம் என்பேன்.

எடுத்துக்காட்டு வேண்டுமா? ஃபியூசுலினிட் என்றொரு கூட்டம் நெல்மணி வடிவத்தில் ஓடு கட்டியது. பெர்மியன் காலத்தின் முடிவில், சுமார் 25.2 கோடி ஆண்டுகளுக்கு முன், அடியோடு அழிந்துபோனது. ஏறத்தாழ 20 கோடி ஆண்டுகள் கழித்து ஆல்வியோலினா என்ற வேறொரு கூட்டம் அதே வடிவத்தில் பெருகியது. சுவரைச் சீவி நுண்ணோக்கியில் பார்த்தால் வேறுபாடு தெரிந்துவிடும்: முன்னது பொடிப்பொடியான சுண்ணாம்புமணிகளால் ஆனது, பின்னது பீங்கான் போல வழவழப்பானது. நேரடி உறவே கிடையாது.

கடலில் மிதந்து வாழும் ஃபோராம்களும் இதே கதையைச் சொல்கின்றன. 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன், டைனோசர்கள் மறைந்த அதே சமயத்தில், இவற்றில் பெரும்பாலான இனங்கள் அழிந்தன. தப்பியவை சிறியவை, எளிய உருவம் கொண்டவை. விளிம்பில் கூர்வரம்பு கொண்ட ஓடுகளும் அழிவில் போயிருந்தன. பிறகு தப்பியவற்றின் சந்ததியிலிருந்து அதே கூர்வரம்பு ஓடுகள் மீண்டும் தோன்றின. அதற்குப் பின் இன்னொரு முறையும் தோன்றின.

இதற்கு நேரெதிரான குழப்பமும் உண்டு. எகிப்தின் கீசா பிரமிடுகளின் சுண்ணாம்புக்கல்லில் நிறைந்திருப்பவை நம்யூலைட் எனும் பெரிய ஃபோராம்கள். அங்கே கிடந்த கல்துண்டுகளை வேலையாட்கள் சாப்பிட்டு மிச்சம்வைத்த பருப்பு என்று மக்கள் சொன்னதைக் கிரேக்க அறிஞர் ஸ்ட்ராபோ எழுதிவைத்திருக்கிறார். நம்யூலைட்டின் ஒரே இனத்தில் இரண்டு உருவங்கள் உண்டு. ஒன்று சிறியது, நடு அறை பெரியது. மற்றது பெரியது, நடு அறை மிகச் சிறியது. இனப்பெருக்க முறை தலைமுறைக்குத் தலைமுறை மாறுவதால் வந்த வேறுபாடு அது. அது புரியும்வரை ஒரே உயிருக்கு இரண்டு இனப்பெயர்கள் வழங்கின.

மரபணு இந்தக் குழப்பத்தைத் தீர்க்காதா? இவ்வளவு பழைய கல்லில் மரபணு மிஞ்சுவதில்லை. இன்று வாழும் ஃபோராம்களின் மரபணுவை ஒப்பிட்டு, 2013-இல் பல அறை கொண்டவற்றை இரண்டு பெரும் வகுப்புகளாகப் பிரித்தார்கள்: குழாய் வடிவ அறை கட்டுபவை, உருண்டை வடிவ அறை கட்டுபவை. மணல் ஒட்டும் வகைகள் பல, சுண்ணாம்புச் சுவர் கட்டும் வகைகளோடு ஒரே வகுப்பில் வந்து சேர்ந்தன. ஆக, சுவர் ஒன்றை மட்டும் நம்பினாலும் ஏமாறலாம்.

சரி, இதெல்லாம் நமக்கு எதற்கு? முதலில் எண்ணெய். எண்ணெய் தேடி ஆழ்துளையிடும்போது பெரிய புதைபடிவங்கள் நொறுங்கிவிடும். ஃபோராம்கள் பொடியோடு முழுசாக மேலே வரும். எந்த இனம் எந்தக் காலத்தில் வாழ்ந்தது என்று தெரிந்தால் துளை எந்தக் காலப் பாறையில் இறங்கியிருக்கிறது என்று சொல்லிவிடலாம். அமெரிக்காவின் டெக்சாஸில் எஸ்தர் ஆப்ளின், ஆல்வா எல்லிசர், ஹெட்விக் நைக்கர் ஆகிய மூன்று பெண்கள் 1925-இல் வெளியிட்ட ஆய்வு இதை நிலைநாட்டியது. ஆப்ளின் இதை முதலில் முன்வைத்தபோது அறிஞர்கள் ஏளனம் செய்தார்கள். அரியலூர் வட்டாரத்துக் கிரட்டேசியஸ் காலப் பாறைகளிலும், எண்ணெய் தேடும் காவிரிப் படுகை ஆழ்துளைகளிலும் காலம் கணிக்க உதவுவது இதே முறைதான்.

அடுத்தது பருவநிலை. ஓட்டிலுள்ள ஆக்சிஜனில் கனமான வகையும் இலேசான வகையும் எந்த விகிதத்தில் இருக்கின்றன என்பது, அது வாழ்ந்த நீரின் வெப்பத்தையும் உலகில் எவ்வளவு பனி உறைந்திருந்தது என்பதையும் பொறுத்தது. ஆய்வாளர் சேசரே எமிலியானி 1955-இல் இதை வைத்துப் பழைய கடல்களின் வெப்பநிலையைக் கணித்தார். புவி வெப்பமாவதைப் பற்றி நீங்கள் படிக்கும் செய்திகளில், பழைய காலத்தோடு ஒப்பிடும் கணக்குகள் பலவற்றின் அடித்தளம் இந்த ஓடுகளே. சில இனங்கள் மேல்நீரிலும் சில ஆழத்திலும் வாழ்பவை. இனத்தைத் தவறாகக் கணித்தால் ஆழத்து நீரின் வெப்பத்தை மேல்நீரின் வெப்பமாக எழுதிவிடுவோம். இடப்பக்கம் சுருள்வதும் வலப்பக்கம் சுருள்வதும் குளிரைப் பொறுத்து மாறும் ஒரே இனம் என்று நெடுங்காலம் கருதப்பட்ட ஒரு ஃபோராம், மரபணுச் சோதனையில் இரண்டு தனி இனங்கள் என்று தெரியவந்தது.

நீங்களே பார்க்க ஆசையா? மணலை நல்ல தண்ணீரில் அலசிக் காயவைத்து, கறுப்புத் தாளில் மெல்லப் பரப்புங்கள். ஓட்டின் மேல் அறைகளைப் பிரிக்கும் கோடுகள் தெரிந்தால் ஃபோராமாக இருக்கலாம். நத்தை ஓட்டுக்குள் பொதுவாகத் தடுப்புச் சுவர் இருக்காது. வினிகர் ஊற்றிச் சுத்தம் செய்யாதீர்கள், ஓடு கரைந்துவிடும். இவை பெரும்பாலும் இக்காலத்தவை, புதைபடிவங்கள் அல்ல. மன்னார் வளைகுடா தேசியப் பூங்காத் தீவுகளிலிருந்து மட்டும் எதையும் எடுக்கவேண்டாம். அவை சட்டப்படி பாதுகாக்கப்பட்டவை.