கண்ணைவிட்டு மறைந்தால் தீர்ந்துவிடுமா? கெத்தாம் தீவு நாய்கள் சொல்லும் பாடம்

போர்ட் கிள்ளானில் படகேறினால் சற்று நேரத்தில் கெத்தாம் தீவை அடைந்துவிடலாம். சேற்று நிலத்தில் கால் ஊன்றிய வீடுகள், சைக்கிள்கள் ஓடும் குறுகலான பாதைகள், நண்டும் மீனும் பரிமாறும் உணவகங்கள் என்று, வார இறுதியில் கிள்ளான் பள்ளத்தாக்கு மக்கள் விரும்பிச் செல்லும் மீனவக் கிராமம் அது. 2009ஆம் ஆண்டில் அந்தத் தீவின் பெயர் வேறொரு காரணத்துக்காக உலகச் செய்திகளில் அடிபட்டது.

அங்கே தெருநாய்கள் பெருகிவிட்டன. அவற்றின் தொல்லை தாங்க முடியவில்லை என்று குடியிருப்பாளர்கள் குறைபட்டனர். முடிவில், 300க்கும் மேற்பட்ட நாய்கள் பிடிக்கப்பட்டு, படகில் ஏற்றப்பட்டு, பக்கத்திலிருந்த ஆளில்லாத சதுப்புநிலத் தீவுகளில் இறக்கிவிடப்பட்டன. அடித்துக் கொல்வதைவிட இது மேல் என்று சிலருக்குத் தோன்றியிருக்கலாம்.

ஆனால் அந்தத் தீவுகளில் உணவு இல்லை; குடிக்க நல்ல தண்ணீரும் இல்லை. எங்கும் சேறும் உப்புநீரும்தான். சிலாங்கூர் பிராணிவதைத் தடுப்புச் சங்கமான எஸ்.பி.சி.ஏ.வைச் சேர்ந்தவர்கள் சென்று பார்த்தபோது, எலும்பும் தோலுமாய் நின்ற நாய்களைக் கண்டனர். பசி தாளாமல் நாயே நாயைத் தின்னும் நிலை வந்திருந்தது. தொண்டூழியர்கள் உணவும் தண்ணீரும் கொண்டு சென்றனர். மனிதரைக் கண்டதும் மிரண்டு காட்டுக்குள் ஓடிய நாய்களைப் பிடிப்பது எளிதாக இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

அன்று நடப்பில் இருந்தது 1953ஆம் ஆண்டு பிராணிகள் சட்டம். பிராணியை வதைத்தவருக்கு அதன்கீழ் விதிக்கக்கூடிய அதிகபட்ச அபராதம் வெறும் 200 ரிங்கிட். சிறை என்றால் ஆறு மாதம். பின்னர் வந்த 2015ஆம் ஆண்டு பிராணிகள் நலச் சட்டம் 2017இல் நடப்புக்கு வந்தது. இதன்கீழ் வதைக் குற்றத்துக்கு 20,000 முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதம், மூன்றாண்டு வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கலாம்.

இது ஏட்டில் மட்டும் இருக்கும் சட்டமல்ல. 2018 செப்டம்பரில் கோம்பாக்கில் உள்ள ஒரு சலவைக் கடையில், கர்ப்பமாக இருந்த பூனையை உலர்த்தும் இயந்திரத்துக்குள் போட்டுக் கொன்ற காட்சி கண்காணிப்புக் கேமராவில் பதிவானது. அந்த வழக்கில் ஒருவருக்கு 2019 நவம்பரில் செலாயாங் நீதிமன்றம் 34 மாதச் சிறையும் 40,000 ரிங்கிட் அபராதமும் விதித்தது.

சலவைக் கடைக் கொடுமையைக் கேட்டவுடன் நமக்குக் கோபம் வருகிறது. கெத்தாம் தீவு வேறு வகை. அங்கே இருந்தவர்கள் நம்மைப் போன்ற சாதாரண மக்கள். ஒரு தொல்லை கண்ணைவிட்டு மறைந்தால் போதும் என்று நினைத்தார்கள். கொடுமை செய்ய வேண்டும் என்ற எண்ணமே இல்லாமல் பெருங்கொடுமை நடந்துவிட முடியும் என்பதற்கு அந்தத் தீவுகள் சாட்சி.

நம் வட்டாரத்திலும் இதன் சிறு வடிவங்கள் உண்டு. பூனை வீட்டில் ஐந்து குட்டி போட்டுவிட்டது. ஓர் அட்டைப்பெட்டியில் வைத்துச் சந்தையிலோ, கோயில் வாசலிலோ, உணவகத்தின் பின்சந்திலோ விட்டுவிட்டு வருகிறோம். 'யாராவது சோறு போடுவார்கள்' என்று மனத்தைத் தேற்றிக்கொள்கிறோம். வீடு மாறும்போது நாயை விட்டுச் செல்பவர்களும் இருக்கிறார்கள். தன் பிராணிக்குத் தகுந்த இடம், தகுந்த உணவு, வலியிலிருந்தும் நோயிலிருந்தும் பாதுகாப்பு ஆகியவற்றைத் தருவது வளர்ப்பவரின் கடமை என்று இன்றைய சட்டம் சொல்கிறது. அட்டைப்பெட்டிக்குள் இவற்றில் ஒன்றுகூட இல்லை.

அகற்றினாலும் ஏன் குறைவதில்லை?

ஒரு பெண் நாய் ஏறக்குறைய ஆறு மாதத்திலிருந்தே கருத்தரிக்கக்கூடியது. அதன் கர்ப்பகாலம் சுமார் 63 நாள். ஆண்டுக்கு இருமுறை ஈனலாம். ஒவ்வோர் ஈற்றிலும் ஐந்தாறு குட்டிகள் பிறக்கலாம். எங்கே எச்சில் உணவும் திறந்த குப்பைத்தொட்டியும் இருக்கின்றனவோ, அங்கே நாய்கள் வாழும். பத்து நாய்களைப் பிடித்துச் சென்றால், உணவு அப்படியே இருப்பதால் வேறு பத்து நாய்கள் அந்த இடத்துக்கு வந்து சேரும். பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் போன்ற உணவகங்கள் நிறைந்த பகுதிகளுக்கு இது நன்றாகவே பொருந்தும்.

இந்த உண்மையைச் சென்னை மாநகரம் நீண்ட காலம் பட்டுத்தான் தெரிந்துகொண்டது. அங்கே மாநகராட்சி பல தலைமுறைகளாகத் தெருநாய்களைப் பிடித்துக் கொன்று வந்தது. நாய்களும் குறையவில்லை, வெறிநோயும் ஒழியவில்லை. 1959இல் சென்னையில் தொடங்கப்பட்ட ப்ளூ கிராஸ் அமைப்பு, 1964இலேயே கருத்தடை முறையைக் கையில் எடுத்தது. நாயைப் பிடித்து, கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விடுவதுதான் அந்த முறை. மாநகராட்சி அதை ஏற்க 1996 வரை ஆனது. இன்றும் சென்னையில் தெருநாய்ப் புகார்கள் ஓயவில்லை. கருத்தடையை அரைகுறையாகச் செய்தால் பலன் தராது. ஒரு பகுதியில் உள்ள பெரும்பாலான நாய்களுக்குத் தொடர்ந்து செய்தாக வேண்டும்.

தெருநாயைக் கண்டு அஞ்சுபவர்களைக் குறை சொல்லவும் முடியாது. சரவாக்கில் 2017இல் தொடங்கிய வெறிநாய்க்கடி நோய் பல உயிர்களைப் பறித்திருக்கிறது. அதற்கும் வழி தடுப்பூசிதான். ஒரு பகுதியில் உள்ள நாய்களில் 70 விழுக்காட்டுக்குத் தடுப்பூசி போட்டால் நோய் பரவுவதை நிறுத்தலாம் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம்.

மாணவர்கள் செய்யக்கூடியவை

முதலாவதாக, வீட்டில் நாயோ பூனையோ இருந்தால் கருத்தடை செய்துவிட்டதா என்று பெற்றோரிடம் கேளுங்கள். 1958 முதல் இயங்கிவரும் சிலாங்கூர் எஸ்.பி.சி.ஏ. போன்ற அமைப்புகள் இதற்கு உதவுகின்றன. நாய்க்கு ஊராட்சி மன்ற உரிமம் எடுத்திருக்க வேண்டும் என்பதையும் நினைவூட்டுங்கள்.

இரண்டாவதாக, தெருப் பிராணிகளுக்கு உணவு கொடுத்தால், மிச்சத்தைச் சுத்தம் செய்துவிட்டு வாருங்கள். அக்கம்பக்கத்தாரின் கோபத்துக்குப் பாதிக் காரணம் சிதறிக் கிடக்கும் அந்தச் சோறுதான். உணவு கொடுப்பதோடு நிற்காமல், அந்தப் பிராணிக்குக் கருத்தடை செய்ய நண்பர்கள் சேர்ந்து பணம் திரட்டலாம்.

மூன்றாவதாக, வதையைக் கண்டால் காணொளியைப் பகிர்வதோடு விட்டுவிடாதீர்கள். இடம், நேரம், வாகன எண் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு கால்நடைச் சேவை இலாகாவிடம் புகார் கொடுங்கள். ஆதாரம் இருந்தால்தான் வழக்கு நிற்கும்.

நான்காவதாக, நாய் கடித்துவிட்டால் காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

பல இனத்தவர் ஒன்றாக வாழும் நாடு நம்முடையது. நாயைத் தொட விரும்பாதவர் உண்டு, பயப்படுபவர் உண்டு, மடியில் வைத்துக் கொஞ்சுபவரும் உண்டு. எல்லாரும் பிராணிகளை நேசித்தே ஆகவேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. பிடிக்காத உயிரையும் துன்புறுத்தாமல் இருப்பது எல்லாராலும் முடியும்.

மனுநீதிச் சோழன் கதை நம் எல்லாருக்கும் தெரியும். கன்றை இழந்த பசு அரண்மனைக்கு வந்து ஆராய்ச்சி மணியை அடித்தது. அரசன் நீதி வழங்கினான். சதுப்புநிலத் தீவில் விடப்பட்ட நாய்களுக்கு அடிக்க ஒரு மணி இல்லை. அட்டைப்பெட்டிக்குள் கத்தும் பூனைக்குட்டிக்கும் இல்லை. அவற்றுக்காக அந்த மணியை அடிக்க வேண்டியவர்கள் நாம்தான். அதற்கும் முன்னால், அப்படியோர் அட்டைப்பெட்டி நம் வீட்டிலிருந்து புறப்படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.