வீடு ஒருவருடையது, ஆட்டம் இன்னொருவருடையது: காற்பந்து அரங்க வாடகையில் நடப்பது என்ன?

பகாவ் – நெகிரி செம்பிலான் குழு சொந்த மண்ணில் ஆடும் நாள்களில் பகாவிலிருந்து புறப்படும் கார்கள் கோலப்பிலாவைக் கடந்து, புக்கிட் புத்துஸ் மலைச்சாலையில் ஏறி இறங்கினால் பாரோய் வந்துவிடும். அங்குள்ள துவாங்கு அப்துல் ரஹ்மான் அரங்கத்தை நம் வட்டார இரசிகர்கள் "நம்ம அரங்கம்" என்றுதான் சொல்வார்கள். 2009-இலும் 2011-இலும் மலேசியக் கிண்ணத்தை வென்ற குழுவின் வீடு அது. 2021-இல் பயிற்றுநர் கே. தேவன் தலைமையில் பிரிமியர் லீக் பட்டத்தை வென்று சூப்பர் லீக்கிற்குத் திரும்பிய குழுவின் வீடும் அதுதான்.

ஆனால் கிராந்தைப் புரட்டிப் பார்த்தால் அந்த வீட்டில் குழு குடியிருக்கிறது, அவ்வளவே. அரங்கம் மாநில அரசின் சொத்து.

இது நெகிரிக்கு மட்டும் உள்ள நிலைமை அல்ல. நம் நாட்டின் பெரிய அரங்கங்களில் பெரும்பாலானவை மாநில அரசுகளோ ஊராட்சி மன்றங்களோ கட்டியவை. மாநிலக் காற்பந்துச் சங்கங்களின் கீழ் இருந்த குழுக்கள் 2021 பருவத்தையொட்டி தனியார் கிளப்புகளாக மாறியபோது ஆட்டக்காரர்களும் பெயரும் சின்னமும் சில இடங்களில் பழைய கடனும் கிளப்புகளின் கைக்கு வந்தன. அரங்கமும் அதன் நிலமும் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்துவிட்டன. ஜோகூர் டாருல் தாக்சிம் குழுவுக்கென்றே 2020-இல் திறக்கப்பட்ட சுல்தான் இப்ராஹிம் அரங்கம் போன்றவை விதிவிலக்கு.

அதனால் "ஒரு கிளப் தன் அரங்கத்தை இன்னொரு குழுவுக்கு வாடகைக்கு விடுகிறது" என்ற செய்தி இங்கிலாந்திலிருந்து வரும்போது நம்மவர்களுக்குச் சற்று வியப்பாக இருக்கிறது. போட்டியாளனுக்கு யாராவது வீட்டுச் சாவியைக் கொடுப்பார்களா?

கொடுப்பார்கள். காரணம் எளிய கணக்கு. 14 குழுக்கள் ஆடும் லீக்கில் ஒரு குழு சொந்த அரங்கில் ஆடுவது 13 ஆட்டங்கள். கிண்ணப் போட்டிகளைச் சேர்த்தாலும் ஆண்டின் 365 நாளில் அரங்கம் முழுமையாகப் பயன்படும் நாள்களை எண்ண இரண்டு கை விரல்களோடு கால் விரல்களையும் சேர்த்தால் போதும். ஆட்டம் இல்லாத நாளிலும் புல்லுக்குத் தண்ணீர் விட வேண்டும், வெட்ட வேண்டும், விளக்குகளைப் பராமரிக்க வேண்டும், காவலாளிக்குச் சம்பளம் தர வேண்டும். காலியாகக் கிடக்கும் கல்யாண மண்டபத்தின் செலவு மாதிரிதான். இன்னொரு குழு வந்து அந்தச் செலவில் பாதியைச் சுமந்தால் வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் மனம் வராது.

இதற்கு மிகப் பழைய, மிகப் புகழ்பெற்ற உதாரணம் மான்செஸ்டர் நகரில் நடந்தது. இரண்டாம் உலகப் போரின்போது, 1941 மார்ச் 11 அன்று ஜெர்மானிய விமானங்கள் வீசிய குண்டுகளில் மான்செஸ்டர் யுனைடெட்டின் ஓல்ட் டிராஃபோர்ட் அரங்கம் சிதைந்தது. ஆடுவதற்கு இடமில்லாமல் நின்ற யுனைடெட்டுக்கு இடம் கொடுத்தது பரம எதிரியான மான்செஸ்டர் சிட்டி. ஆண்டுக்கு 5,000 பவுன் வாடகை, அதோடு டிக்கெட் வசூலில் ஒரு பங்கு. சிட்டியின் மெயின் ரோடு அரங்கில் யுனைடெட் 1949 வரை குடியிருந்தது. அங்கேதான், 1948 ஜனவரி 17 அன்று யுனைடெட்டும் ஆர்சனலும் மோதிய ஆட்டத்திற்கு 83,260 பேர் திரண்டதாகப் பதிவானது. இங்கிலாந்து லீக் ஆட்டமொன்றுக்குக் கூடிய மிகப் பெரிய கூட்டம் என்று சொல்லப்படும் அந்த ஆட்டத்தில் வீட்டுக்காரர் ஆடவே இல்லை.

வாடகை ஒப்பந்தத்தில் பணத்தை விடச் சிக்கலான விஷயங்கள் உண்டு. நாள் வாடகையா, வசூலில் பங்கா, இரண்டுமா என்பது முதல் கேள்வி. இரவு ஆட்டமென்றால் விளக்குகளின் மின் கட்டணம் யாருடையது? திடலைச் சுற்றியுள்ள விளம்பரப் பலகைகள், கார் நிறுத்துமிடம், நாசி லெமாக்கும் தண்ணீரும் விற்கும் கடைகள் ஆகியவற்றின் வருமானம் யாருக்குப் போகும்? இரு குழுவுக்கும் ஒரே சனிக்கிழமை ஆட்டம் விழுந்தால் விட்டுக்கொடுப்பது யார்? பெரும்பாலும் குடியிருப்பவர்தான் விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும். ஞாயிற்றுக்கிழமையோ வாரநாளோ அவருக்கு ஒதுக்கப்படும். வேலை முடிந்து வரும் இரசிகர்கள் குறைவதும் அங்கேதான் தொடங்குகிறது.

எல்லாவற்றையும் விட முக்கியம் புல். நம் நாட்டு வானிலையில் சாயங்கால மழை கொட்டிய பிறகு ஈரத் திடலில் 22 பேர் ஆணி வைத்த காலணிகளோடு 90 நிமிடம் ஓடினால் புல் வேரோடு பெயர்ந்துவிடும். அது தேறி வர நாள் பிடிக்கும். இரண்டு குழுக்கள் மாறி மாறி ஆடினால் அந்த நாள் கிடைக்காது. அரங்க வாடகையைப் பற்றிய சண்டைகளில் பாதி புல்லைப் பற்றிய சண்டைகள்தாம்.

மீதிப் பாதி இரசிகர்களுடையது. அதைப் புரிந்துகொள்ள லண்டனின் சார்ல்டன் கிளப்பின் கதையைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்பது நல்லது.

சார்ல்டனின் அரங்கம் "தி வேலி". ஒரு காலத்தில் 70,000-க்கும் மேற்பட்டோரைக் கொண்ட பெரிய அரங்கம். 1980-களில் கிளப் கடனில் விழுந்து கைமாறியபோது கிளப் ஒருவரிடமும் அரங்க நிலம் இன்னொருவரிடமும் போய்ச் சேர்ந்தன. பாதுகாப்புக் குறைபாடுகளும் சேர்ந்துகொள்ள, 1985 செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை ஆட்டம் பார்க்க வந்த இரசிகர்களின் கையில் ஒரு துண்டுத்தாள் கொடுக்கப்பட்டது. கிளப் இனி இங்கு ஆடாது, லண்டனின் இன்னொரு மூலையில் உள்ள கிரிஸ்டல் பேலஸ் கிளப்பின் செல்ஹர்ஸ்ட் பார்க் அரங்கில் ஆடும் என்பதுதான் அதிலிருந்த செய்தி. இரண்டு வாரங்களில் கடைசி ஆட்டமும் முடிந்தது. யாரிடமும் கேட்கவில்லை.

திடலில் அந்தக் குழு நன்றாகவே ஆடியது. 1986-இல் முதல் டிவிஷனுக்கே உயர்ந்தது. ஆனாலும் இரசிகர்கள் பலர் வரவில்லை. பாரோயில் ஆடும் நெகிரியை, "இனி மலாக்காவுக்கு வந்து பாருங்கள்" என்று சொன்னால் பகாவிலிருந்து எத்தனை கார் கிளம்பும் என்று யோசித்தால் போதும். செல்ஹர்ஸ்ட் பார்க்கில் சுவரின் நிறம் வேறு, நாற்காலியின் நிறம் வேறு. கோல் போட்டாலும் விருந்தாளி வீட்டில் சத்தம் போட்ட மாதிரி ஒரு கூச்சம்.

பழைய அரங்கம் புதர் மண்டிக் கிடந்தது. இரசிகர்கள் தாமாகவே போய்ச் செடிகொடிகளை வெட்டிச் சுத்தம் செய்தார்கள். திரும்பி வருவதற்கான கட்டுமானத் திட்டத்தை கிரீனிச் நகர மன்றம் 1990-இல் நிராகரித்தபோது, "வேலி கட்சி" என்ற பெயரில் ஒரு கட்சியையே தொடங்கி அந்த ஆண்டு ஊராட்சித் தேர்தலில் நின்றார்கள். ஒரு தொகுதியிலும் வெல்லவில்லை. ஆனால் 14,838 வாக்குகள் விழுந்தன. காற்பந்துத் திடலுக்காக அத்தனை பேர் வாக்களிப்பார்கள் என்று அரசியல்வாதிகள் எதிர்பார்க்கவில்லை. அடுத்த ஆண்டே திட்டத்திற்கு அனுமதி கிடைத்தது. 1992 டிசம்பர் 5 அன்று சார்ல்டன் தன் வீட்டுக்குத் திரும்பி, போர்ட்ஸ்மவுத் குழுவை 1–0 என வென்றது. இடைப்பட்ட ஏழு ஆண்டுகளில் இரண்டு வீடுகளில் வாடகைக்கு இருந்துவிட்டது.

சார்ல்டன் வெளியேறிய அதே 1991-இல் அதே செல்ஹர்ஸ்ட் பார்க்கிற்குக் குடிவந்த கிளப் விம்பிள்டன். இதன் கதை அவ்வளவு நல்லபடி முடியவில்லை. தற்காலிகம் என்று தொடங்கிய குடியிருப்பு 12 ஆண்டுகள் நீண்டது. இதற்கிடையே அவர்களின் பழைய பிளவ் லேன் திடல் ஒரு பேரங்காடி நிறுவனத்திற்கு விற்கப்பட்டது. திரும்பிப் போக வீடே இல்லை. 2002-இல் கிளப் நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவான தொலைவில் உள்ள மில்டன் கீன்ஸ் நகருக்கு மாற அனுமதி கிடைத்தது. கோபமடைந்த இரசிகர்கள் அந்த ஆண்டே ஏஎஃப்சி விம்பிள்டன் என்ற புதிய கிளப்பைத் தொடங்கி, கீழ்நிலை லீக்கிலிருந்து ஏறத் தொடங்கினார்கள்.

அந்தப் புதிய கிளப்பும் முதலில் வாடகைக்குத்தான் போனது, கிங்ஸ்டோனியன் என்ற சிறிய கிளப்பின் கிங்ஸ்மெடோ திடலுக்கு. அடுத்த ஆண்டே அத்திடலின் குத்தகையை ஏஎஃப்சி விம்பிள்டன் வாங்கிவிட, வீட்டுக்காரராக இருந்த கிங்ஸ்டோனியன் தன் வீட்டிலேயே குடியிருப்பவர் ஆனது. பின்னர் திடல் செல்சிக்கு விற்கப்பட்டது. 2017-இல் கிங்ஸ்டோனியன் வெளியேறி வேறு கிளப்புகளின் திடல்களில் இடம் தேட வேண்டியதாயிற்று. ஏஎஃப்சி விம்பிள்டன் 2020-இல் பிளவ் லேனில் புதிய அரங்கம் கட்டித் திரும்பியது. அதன் இரசிகர்கள் கொண்டாடியதில் தவறில்லை. கிங்ஸ்டோனியனின் சில நூறு இரசிகர்களைப் பற்றித்தான் உலகம் அதிகம் பேசவில்லை.

இனி நம் ஊருக்கு வருவோம். நம் சமூகத்திற்கு மிக நெருக்கமான உதாரணம் பெட்டாலிங் ஜெயா சிட்டி குழு. மலேசிய இந்தியர் காற்பந்துச் சங்கமான மீஃபாவின் குழுவாக 2017-இல் பிரிமியர் லீக்கில் ஆடி, 2019-இல் பெயர் மாற்றத்துடன் சூப்பர் லீக்கில் நுழைந்த குழு அது. கே. தேவனும் அவருக்குப் பின் பி. மணியமும் பயிற்றுநர்களாக இருந்தார்கள். தோட்டங்களிலும் தமிழ்ப்பள்ளிகளிலும் பந்து உதைத்த பிள்ளைகளுக்கு, நாட்டின் உச்ச லீக்கில் "நம்ம குழு" என்று சொல்ல ஒன்று இருந்தது.

அக்குழு ஆடிய கிளானா ஜெயா அரங்கம் பெட்டாலிங் ஜெயா மாநகர் மன்றத்தினுடையது. 25,000 பேர் அமரலாம். 1994-இல் திறக்கப்பட்ட ஷா ஆலம் அரங்கம் பழுதாகி மூடப்பட்டதும், சிலாங்கூர் குழுவும் அங்கேயே வந்து சேர்ந்தது. ஒரே வீட்டில் இரு குடித்தனம். இரு குழுக்களும் மோதிய நாள்களில் "வெளியூர் ஆட்டம்" என்பது உடை மாற்றும் அறையை மாற்றிக்கொள்வது மட்டுமே. மலேசியக் கிண்ணத்தை முப்பது தடவைக்கு மேல் வென்ற சிலாங்கூருக்கு அரங்கத்தைச் சிவப்பும் மஞ்சளுமாக நிறைக்கும் இரசிகர் படை உண்டு. இளைய குடித்தனத்திற்கு அது இல்லை. ஓர் ஊரோ மாநிலமோ தன்னுடையது என்று சொந்தம் கொண்டாடாத குழுவுக்கு, ஓர் அரங்கமாவது தனக்கென்று இருந்திருந்தால் நிலைமை கொஞ்சம் வேறாக இருந்திருக்கலாம். 2022 பருவத்துடன் அக்குழு லீக்கிலிருந்து விலகிக்கொண்டது.

அரங்கம் சொந்தமாக இல்லாத கிளப் உயர்மட்டத்தில் ஆடவே முடியாதா என்றால், முடியும். ஆசியக் காற்பந்துக் கூட்டமைப்பின் கிளப் உரிம விதிகள் சொந்த அரங்கம் இருந்தே ஆக வேண்டும் என்று கேட்பதில்லை. சொந்தமாக இருக்க வேண்டும், இல்லையேல் அரங்க உரிமையாளருடன் எழுத்துபூர்வமான ஒப்பந்தம் இருக்க வேண்டும். வாய்வார்த்தை செல்லாது.

இந்த ஒரு விதி பகாவ் வட்டாரத்துக்கும் பொருந்தும். கெடிஸ், ஜெராம் பாடாங் போன்ற தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்குத் தோட்டத் திடல் யாருடையது என்ற கேள்வியே சின்ன வயதில் தோன்றியிருக்காது. லயத்துப் பிள்ளைகள் ஆடினார்கள், தீபாவளிக்கும் திருவிழாவுக்கும் போட்டி நடந்தது, கிராணியோ மண்டோரோ கிண்ணம் எடுத்துக் கொடுத்தார். நிலம் கம்பெனியுடையது என்பது கம்பெனி கைமாறும்போதுதான் தெரிய வரும். அன்று துரை தலையசைத்துக் கொடுத்த அனுமதியை இன்றைய நிர்வாகத்திடம் காட்ட முடியாது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தபோதும், ஆள்கள் பட்டணத்துக்குப் பெயர்ந்தபோதும் நாட்டில் எத்தனையோ திடல்கள் இப்படித்தான் கன்றுகளுக்கு அடியில் மறைந்தன. ஒரு தாளும் கையில் இல்லாததால் கேட்கவும் வழியில்லை.

இப்போது போட்டி நடத்தும் இளைஞர்கள் ஊராட்சி மன்றத் திடலையோ பள்ளித் திடலையோதான் நாட வேண்டியிருக்கிறது. ஃபுட்சால் என்றால் மணிக்கணக்கில் வாடகை. ஊராட்சித் திடலுக்கு விண்ணப்பமும் வாடகையும் முன்பணமும் கேட்பார்கள். திடல் சேதமானால் முன்பணம் திரும்பாது. முந்தின நாள் பெய்த மழையில் திடல் சேறானால் ஆட்டத்தைத் தள்ளி வைக்கலாமா, தள்ளி வைத்தால் வாடகை மறுபடியும் கட்ட வேண்டுமா என்பதைப் பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டு எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. தோட்டத் திடலில் ஆடும் குழுக்கள் நிர்வாகத்திற்கு ஆண்டுக்கொரு கடிதம் எழுதி, பதில் கடிதத்தைக் கோயில் கணக்குப் புத்தகத்தோடு சேர்த்து வைக்கலாம். அடுத்த நிர்வாகி வரும்போது முதலில் கேட்கப் போவது அந்தத் தாளைத்தான்.